வேறு வேறு காலத்துக் கூடைப்பந்து வீரர்களை ஒப்பிடும்போது விடக்கூடாத பிழைகள்

"ஜோர்டனா, லெப்ரோனா?" யாழ்ப்பாணத்தில் கூடைப்பந்து ஆடுகிற பெடியள் நாலு பேர் பின்னேரப் பயிற்சி முடிந்து சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் இந்த இருவரில் யார் பெரியவர் என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். ஒருவர் கைபேசியில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டுவார். இன்னொருவர் ஆறு கிண்ணம், நாலு கிண்ணம் என்று விரலை மடக்குவார். வயதில் மூத்தவர் யாராவது பக்கத்தில் நின்றால், வில்ட் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த கதையைச் சொல்வார். கடைசியில் யாருடைய குரல் பெரிதோ அவர் வென்றதாக முடியும்.

இப்படி ஒப்பிடுவதே வீண்வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒப்பிடுகிற ஆசை இருக்கிறபடியால்தான் 1960களில் ஆடியவர்களின் பெயர் இன்றைக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயில் வருகிறது. ஆனால் ஒப்பிடுகிற முறையில் சில பிழைகளைத் திரும்பத் திரும்ப விடுகிறோம். என்னுடைய கட்சி இதுதான்: ஒரு வீரரை முதலில் அவரோடு அதே ஆடுகளத்தில், அதே விதிகளோடு, அதே வசதிகளோடு ஆடியவர்கள் மத்தியில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களை விட எவ்வளவு தூரம் முன்னால் நின்றார் என்று தெரிந்த பிறகுதான் இன்னொரு காலத்து வீரருக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுவரலாம்.

கிரிக்கெட்டில் இதை நாங்கள் இயல்பாகவே செய்கிறோம். பிரட்மனின் சராசரி 99.94. அவருக்கு அடுத்து நிற்பவர்களின் சராசரி 60ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் அவரைப் பெரியவர் என்கிறோம். இன்றைய பந்துவீச்சாளரை அவர் சமாளித்திருப்பாரா என்ற கேள்வி பிறகுதான் வரும். கூடைப்பந்து என்று வந்தவுடன் ஏனோ இந்த நிதானம் போய்விடுகிறது.

எதைக் கேட்கிறோம் என்று தீர்மானிக்காமல் தொடங்குவது

"யார் பெரியவர்" என்ற கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. உச்சத்தில் இருந்தபோது யார் சிறந்தவர்? முழு வாழ்க்கையையும் எடுத்தால் யார் கூடச் சாதித்தார்? ஆட்டம் ஆடப்படும் விதத்தையே மாற்றியவர் யார்? ஒரு கேள்விக்கு வருகிற விடை மற்றக் கேள்விக்குப் பொருந்தாது. பில் வோல்ட்டன் 1977இல் போர்ட்லண்ட் அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்தார், அடுத்த ஆண்டு அதி பெறுமதியான வீரர் விருதும் எடுத்தார். அந்த இரண்டு ஆண்டையும் பார்த்தவர்கள் அவரை மறக்க மாட்டார்கள். ஆனால் காலில் வந்த காயங்கள் அவருடைய வாழ்க்கையில் பல பருவகாலங்களை முழுதாகவே தின்றுவிட்டன. உச்சத்தைக் கேட்டால் அவர் பெயர் மேலே வரும், நீளத்தைக் கேட்டால் வராது.

வாக்குவாதத்தில் நடப்பது என்னவென்றால், ஜோர்டன் பக்கம் நிற்பவர் உச்சத்தில் தொடங்குவார். லெப்ரோன் பக்கம் நிற்பவர் 40,000 புள்ளியைத் தூக்கிப் போட்டவுடன் இவர் கிண்ணத்துக்குத் தாவுவார். அவர் உடனே பத்து இறுதிப்போட்டி என்பார். இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டு, ஒரே கேள்விக்குச் சண்டை பிடிப்பதாக நினைப்பார்கள். முதலிலேயே "இன்றைக்கு உச்சத்தைப் பற்றி மட்டும் கதைப்போம்" என்று ஒத்துக்கொண்டால் பாதிச் சத்தம் குறைந்துவிடும்.

எண்ணை அப்படியே தூக்கி வைப்பது

எல்லாப் பிழைகளிலும் பெரியது இது. அதனால் கொஞ்சம் மினக்கெட்டுப் பார்ப்போம்.

1961-62 பருவகாலத்தில் வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளியும் 25.7 ரீபவுண்டும் (தவறிய எறிதலில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அதே பருவகாலத்தில் ஒஸ்கார் ரொபர்ட்சன் 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் (இன்னொருவர் கூடையில் போடப் பந்து கொடுப்பது) எடுத்தார். இந்த எண்களை ஜோர்டனின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ஜோர்டன் சாதாரண ஆள் மாதிரித் தெரிவார். இந்த இடத்தில்தான் நிறுத்தி, அந்த ஆண்டு மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பருவகாலத்தில் என்பிஏ அணி ஒன்று ஆட்டத்துக்குச் சராசரியாக 118க்கு மேல் புள்ளி எடுத்தது. கூடையை நோக்கி 107 தடவைக்கு மேல் எறிந்தது. 2003-04இல் அதே சராசரி 93 புள்ளி, ஏறத்தாழ 80 எறிதல். ஓடினார்கள், கண்டவுடன் எறிந்தார்கள், தவறினார்கள், திரும்ப ஓடினார்கள். பேரனின் சம்பளத்தையும் தாத்தாவின் சம்பளத்தையும் வெறும் ரூபாய்க் கணக்கில் ஒப்பிட்டால் தாத்தா பிச்சைக்காரர் போலத்தான் தெரிவார், அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு என்ன வாங்கலாம் என்பதைக் கேட்டால்தான் உண்மை தெரியும். கூடைப்பந்தில் அது மறுபக்கமாக நடந்தது: 1962இல் புள்ளி மலிவாகக் கிடைத்தது, 2004இல் விலை ஏறிவிட்டது.

ரீபவுண்டை எடுத்து நாங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1961-62இல் ஓர் அணி ஆட்டத்துக்கு 71 அளவில் ரீபவுண்ட் எடுத்தது. இரண்டு அணியையும் சேர்த்தால் 142. சேம்பர்லேன் அந்தப் பருவகாலத்தில் ஆடுகளத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை என்று சொல்லலாம். 48 நிமிட ஆட்டத்தில் அவருடைய சராசரி 48.5 நிமிடம். மேலதிக நேரத்தையும் சேர்த்தபடியால் அப்படி வந்தது. ஆகவே அந்த 142 பந்தும் அவர் களத்தில் நிற்கும்போதே விழுந்தவை. அதில் அவர் எடுத்தது 25.7, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இனி டெனிஸ் ரொட்மனைப் பார்ப்போம். 1991-92இல் அவருடைய சராசரி 18.7 ரீபவுண்ட். சேம்பர்லேனை விட ஏழு குறைவு. ஆனால் அந்த ஆண்டு ஓர் அணி எடுத்தது 44ஐ ஒட்டித்தான். இரண்டு அணிக்கும் 88க்குக் கிட்ட. ரொட்மன் ஆடியது 40 நிமிடம், அந்த 40 நிமிடத்துக்குள் விழுந்த பந்து 73 என்று வைக்கலாம். அதில் 18.7 என்றால் நான்கில் ஒரு பங்கு. எண்ணிக்கையில் கீழே நிற்கிற ரொட்மன், பங்கில் சேம்பர்லேனைத் தாண்டிவிட்டார். கைபேசியில் இருக்கிற கல்குலேட்டரே இதற்குக் காணும்.

சரி, அப்படியானால் சேம்பர்லேன் ஊதிப் பெருப்பித்த பெயரா? இல்லை. இது இரண்டாவது பிழை. வகுத்தல் கணக்கைக் கற்றுக்கொண்ட கையோடு பழையவர்கள் எல்லோரையும் வகுத்துத் தள்ளிவிடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. ரொட்மன் அந்த ஆண்டு ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிகூட எடுக்கவில்லை, ரீபவுண்டிலேயே முழுக் கவனமும் வைத்தார். சேம்பர்லேன் ஐம்பது புள்ளியும் எடுத்துக்கொண்டு ஐந்தில் ஒரு பங்கு பந்தைப் பிடித்தார். அதையும் இளைப்பாறாமல், பருவகாலம் முழுதும். எவரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நின்று ஆடவில்லை. ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு, ஒரு வாய்ப்புக்கு எவ்வளவு என்று வகுக்கும்போது, களைக்காமல் நின்ற அந்தப் பெருமை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பந்தைப் பறிகொடுத்த கணக்கையும், தாக்குதல் பக்க ரீபவுண்டையும் தனியாக எழுதவில்லை. அதனால் அன்றைய ஆட்டத்தின் வேகத்தைப் பற்றி இன்று சொல்லப்படும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள். தசம் ஒரு தானம் வரை அவற்றை வைத்துச் சண்டை பிடிக்கக் கூடாது.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று. சேம்பர்லேன் 50.4 எடுத்த அந்த 1961-62 பருவகாலத்தில் அதி பெறுமதியான வீரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. பொஸ்டன் அணியின் பில் ரசலுக்குக் கிடைத்தது. ரசலின் சராசரி 19 புள்ளிகூட இல்லை. அந்தக் காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், வீரர்களே. சேம்பர்லேனோடு முட்டி மோதிய ஆட்களே ரசலைத் தெரிவு செய்தார்கள். இறுதியில் கிழக்குப் பிரிவில் பொஸ்டனும் சேம்பர்லேனின் அணியும் ஏழு ஆட்டம் வரை மோதின. பொஸ்டன் வென்றது. ரசல் செய்த வேலையில் பெரும்பகுதி அன்றைய ஸ்கோர் தாளில் ஏறவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றைய விதியை மறப்பது

என்பிஏயில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80 பருவகாலத்தில். அதற்கு முதல் ஆடியவர் 25 அடிக்கு வெளியே நின்று போட்டாலும் இரண்டு புள்ளிதான். கோடு வந்த பிறகும் அணிகள் அதை ஒரு வேடிக்கை மாதிரித்தான் பார்த்தன. முதற்பருவகாலத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. லரி பேர்ட் 1985-86இல் 82 மூன்று புள்ளிகளைப் போட்டு அந்தப் பருவகாலத்தின் முதலிடத்தைப் பிடித்தார். 30 ஆண்டுக்குப் பிறகு, 2015-16இல், ஸ்டீபன் கரி 402 போட்டார். கரி பேர்டை விட ஐந்து மடங்கு திறமைசாலி என்று இதற்குப் பொருள் இல்லை. பேர்டின் பயிற்றுநர் அவரை ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை அங்கிருந்து எறி என்று சொல்லியிருக்கவே மாட்டார். சொல்லியிருந்தால் சனம் சிரித்திருக்கும். அதேநேரம், கரியின் பெருமையும் இதில் குறையவில்லை. அவர் காலத்தில் எல்லாரும் அங்கிருந்து எறியத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்கு நடுவிலும் 402 என்ற எண்ணுக்குக் கிட்ட அன்றைக்கு யாரும் இல்லை.

மற்ற விதிகளையும் ஒருமுறை ஓடிப் பார்க்கலாம். எறிவதற்கு 24 செக்கன் என்ற எல்லை 1954இல் வந்தது. அதற்கு நாலு வருடம் முதல், 1950 நவம்பரில், ஓர் என்பிஏ ஆட்டம் 19-18 என்று முடிந்தது. பந்தை வைத்துக்கொண்டு நின்றாலே போதும் என்ற காலம் அது. கூடைக்கு முன்னால் தாக்குபவர் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலம் ஜோர்ஜ் மைக்கன் ஆடியபோது 6 அடியிலிருந்து 12 அடியாகியது. சேம்பர்லேனின் காலத்தில், 1964இல், 16 அடியாகியது. ஒரு தனி ஆள் காரணமாக ஆடுகளத்தின் கோட்டையே அழித்துக் கீறுகிறார்கள் என்றால் அது எந்த விருதை விடவும் பெரிய சாட்சி. 2001-02 வரை என்பிஏயில் வலயப் பாதுகாப்புக்கு (ஆளை மறிக்காமல் ஆளுக்கோர் இடத்தைக் காக்கும் முறைக்கு) தடை இருந்தது. 2004-05இலிருந்து, வெளியே பந்தோடு வருபவரைக் கையால் பிடித்துத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். "ஜோர்டன் காலத்தில் அடி விழும்" என்பவர் சொல்வதும் உண்மை, "ஜோர்டன் காலத்தில் வலயம் இல்லை" என்பவர் சொல்வதும் உண்மை. தன் கட்சிக்குச் சாதகமான விதியை மட்டும் நினைவு வைத்திருப்பதுதான் பிழை.

கிண்ணங்களை மட்டும் எண்ணுவது

கிண்ணக் கணக்குத்தான் முடிவு என்றால் வாக்குவாதமே தேவையில்லை. பில் ரசல் 13 பருவகாலத்தில் 11 கிண்ணம் வென்றார், முடிந்தது. ஆனால் அப்படிச் சொல்பவர் எவரும் ரசலை முதலாவதாக வைப்பதில்லை. ரொபர்ட் ஹோரியிடம் ஏழு கிண்ணம் இருக்கிறது, ஜோர்டனை விட ஒன்று கூட. அவரை ஜோர்டனுக்கு மேலே வைப்பவரையும் நான் காணவில்லை. ஆகவே கிண்ணத்தை எண்ணுபவர்கள் உண்மையில் கிண்ணத்தை எண்ணவில்லை, ஏற்கெனவே தெரிவு செய்த ஆளுக்குப் பொருந்தும்போது மட்டும் அதை எடுக்கிறார்கள்.

ரசல் வந்து சேர்ந்தபோது என்பிஏயில் எட்டே எட்டு அணிகள். இன்று முப்பது. "எட்டு அணியில் வெல்வது இலேசு" என்று இதை வைத்துச் சொல்லலாம். "எட்டு அணி என்றால் நூறு பேருக்குக்கூட இடமில்லை, அதில் பலவீனமான ஆளே இருக்க மாட்டான்" என்றும் சொல்லலாம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நூறு இடங்களும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கறுப்பின வீரர்கள் என்பிஏக்குள் முதன்முதலாக வந்ததே 1950இல்தான். அதற்குப் பிறகும் ஓர் அணிக்கு இத்தனை பேர்தான் என்று எழுதாத கணக்கு ஒன்று பல காலம் இருந்தது. வெளிநாட்டு வீரர்கள் இல்லை என்றே சொல்லலாம். இன்றைக்கு நைஜீரியப் பெற்றோருக்கு கிரேக்கத்தில் பிறந்த யானிஸும் சேர்பியாவின் யோகிச்சும் பல தடவை அதி பெறுமதியான வீரர் ஆகியிருக்கிறார்கள். போட்டியிடுகிற சனத்தொகையே வேறு.

ஜோர்டன் இறுதிப்போட்டியில் ஆறுக்கு ஆறு, லெப்ரோன் பத்தில் நாலு என்பது இன்னொரு பேச்சு. லெப்ரோன் அந்த ஆறு தடவையும் முதற்சுற்றிலேயே தோற்றிருந்தால் அவர் கணக்கு நாலுக்கு நாலு என்று அழகாக இருந்திருக்கும். ஜோர்டன் 1985, 1986, 1987 மூன்று ஆண்டும் முதற்சுற்றில் தோற்றார். அது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. தூரம் போய்த் தோற்றவரைத் தண்டித்து, கிட்டத்தில் தோற்றவரை மன்னிக்கிற கணக்கு நியாயமான கணக்கு ஆகாது.

எழுதாததைப் பூச்சியம் என்று எடுப்பது

என்பிஏயில் புளொக் (எறிந்த பந்தைத் தடுப்பது), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) இரண்டையும் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74இல். ரசல் 1969இல் ஓய்வு பெற்றார். சேம்பர்லேன் கடைசியாக ஆடியது 1973இல். வரலாற்றில் கூடையை மிகச் சிறப்பாகக் காவல் காத்த இருவருக்கும் பதிவேட்டில் ஒரு புளொக்கூட இல்லை. அதி சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது 1982-83இல்தான் வந்தது. இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் விருது 1969இல், ரசலின் கடைசி ஆண்டில், முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதைக்கூடத் தோற்ற அணியின் ஜெரி வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். இன்று அந்த விருதுக்கு ரசலின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அவர் கையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "ஜோர்டனுக்கு ஆறு, ரசலுக்குப் பூச்சியம்" என்று அட்டவணை போட்டு வருகிற படங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலை வரும்.

மொத்தக் கணக்கிலும் இதே பொறி இருக்கிறது. லெப்ரோன் 2023 பெப்ரவரியில் கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகளைத் தாண்டினார். லெப்ரோன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே 18 வயதில் வந்தவர். கரீம் பல்கலைக்கழகத்தில் நாலு ஆண்டு இருந்துவிட்டு 22 வயதில் வந்தவர், வாழ்க்கையில் மூன்று புள்ளி ஒன்றே ஒன்றுதான் போட்டார். 20 பருவகாலம் ஆடி அவர் சேர்த்தது சிறிய காரியமா?

பெண்கள் பக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2024 மார்ச்சில் கெயிட்லின் கிளார்க், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் பீற் மராவிச்சின் 3,667 புள்ளிகளைத் தாண்டினார். கிளார்க் ஆடியது நாலு பருவகாலம். மராவிச் ஆடியது மூன்றுதான், ஏனென்றால் அந்தக் காலத்தில் முதலாம் ஆண்டு மாணவருக்குப் பிரதான அணியில் இடம் கொடுப்பதில்லை. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. இவ்வளவும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசப்பட்டது. ஆனால் 1981 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய லினெட் வூடார்ட் எடுத்த 3,649 புள்ளிகள், வேறொரு சங்கத்தின் கீழ் ஆடியவை என்பதால் அப்போது பிரதான பதிவேட்டில் ஏறியிருக்கவே இல்லை. அவர் ஆண்களின் பெரிய பந்தில், மூன்று புள்ளிக் கோடு இல்லாமல் ஆடியவர். கிளார்க்கின் சாதனை உண்மையானது. வூடார்ட்டின் புள்ளிகளும் அதேயளவு உண்மையானவை.

உடம்பை மட்டும் காலம் கடத்துவது

"ரசல் இன்றைக்கு வந்தால் வாங்கில்தான் இருப்பார்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கற்பனையில் ரசல் துணிச் சப்பாத்தோடு, 1960இன் பயிற்சியோடு, 1960இன் சாப்பாட்டோடு வந்து இறங்குகிறார். அவரை இன்றைக்குப் பிறக்க விட்டால் அவருக்கும் இன்றைய உணவு நிபுணர், இன்றைய முழங்கால் சத்திரசிகிச்சை, தனி விமானம் எல்லாம் கிடைக்கும். எல்ஜின் பெயிலர் 1961-62இல் இராணுவச் சேவையில் இருந்துகொண்டு, விடுப்புக் கிடைத்த நாட்களில் மட்டும் வந்து ஆடினார். 48 ஆட்டம், சராசரி 38.3 புள்ளி. பல வீரர்கள் விடுமுறைக் காலத்தில் வேறு வேலைக்குப் போனார்கள். மறுபக்கமும் இதே மாதிரித்தான். இன்றைய வீரர் ஒருவரை 1962க்கு அனுப்பினால், பந்தைக் கையில் ஏந்தித் தட்டும் இன்றைய பாணிக்கு நடுவர் உடனே விசில் ஊதியிருப்பார்.

"சேம்பர்லேன் குள்ளர்களுக்கு நடுவில் நின்ற நெட்டை" என்ற பேச்சை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யாரும் சொல்லக் கூடாது. எங்கள் மண்ணில் பிறந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர். பில் ரசலின் உயரமும் அதுவே. வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டுக்காரரையும் விட அதிக கோல் போட்டவர் அவர். உயரம் மட்டும் பந்தை வளையத்துக்குள் போடாது. அத்தோடு, சேம்பர்லேனை மறித்தவர்களும் குள்ளர்கள் இல்லை: ரசல், வோல்ட் பெல்லமி, நேற் தர்மண்ட் என்று எல்லோரும் ஏழடிக்கு ஓரிரு அங்குலம் குறைந்தவர்கள்.

துண்டுக் காட்சியோடு முழு வாழ்க்கையை ஒப்பிடுவது

இது எங்கள் ஊருக்கு மற்ற ஊர்களை விடக் கூடப் பொருந்தும். ஜோர்டன் ஆறு கிண்ணமும் வென்றது 1991க்கும் 1998க்கும் இடையில். 1990இல் போர் திரும்ப மூண்ட பிறகு குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த சில நாட்களில், நவம்பர் தொடக்கத்தில், சிகாகோ அணி 72 ஆட்டம் வென்ற அந்தப் பருவகாலம் ஆரம்பித்தது. அன்றைக்குப் பதினைந்து வயதில் இருந்த எங்கள் கூடைப்பந்துப் பிள்ளை ஒருவர் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

ஆகவே யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஜோர்டன் பின்னால்தான் வந்தார், துண்டுக் காட்சிகளாக. அதில் அவர் தவறுவதே இல்லை. 1995 மேயில் ஒர்லாண்டோவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிச் செக்கன்களில் நிக் அண்டர்சன் பின்னால் வந்து அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்ததை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? லெப்ரோனை அப்படிப் பார்க்கவில்லை. இலங்கை நேரப்படி காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரத்தில், அவருடைய ஆட்டங்கள் நேரடியாக வந்தன. 2011இல் டலஸ் அணிக்கு எதிராக அவர் தடுமாறியதை முழுசாகப் பார்த்தோம். ஒருவரின் நல்ல நாட்களை மட்டும் எடுத்து, மற்றவரின் எல்லா நாட்களுக்கும் பக்கத்தில் வைத்தால் யார் வெல்வார் என்று கேட்கத் தேவையில்லை. பழைய ஆட்டங்கள் பல இப்போது முழுதாகவே இணையத்தில் கிடைக்கின்றன. ஜோர்டனின் ஒரு முழு ஆட்டத்தை, அவர் தவறுகிறதையும் பந்தில்லாமல் ஓடுகிறதையும் சேர்த்து, இருந்து பாருங்கள். எனக்கென்றால் அப்படிப் பார்த்த பிறகு அவர் மீது மதிப்புக் கூடியது.

சேம்பர்லேனின் 100 புள்ளி ஆட்டத்துக்கு அதுவும் இல்லை. 1962 மார்ச் 2ஆம் திகதி ஹேர்ஷி என்ற சிறிய ஊரில் நடந்த அந்த ஆட்டத்தின் படப்பதிவு எதுவும் கிடையாது. கடைசிக் காற்பகுதியின் வானொலி வர்ணனையும், 100 என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு படமும்தான் மிச்சம். படம் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகாது.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான்மார் 2019இல் தங்கள் ஊர் அணியான ரப்டர்ஸ் கிண்ணம் வென்ற பிறகு அதில் ஆடிய கவாய் லெனர்டை எங்கே வைக்கிறார்கள் என்பதும் இந்த வகைதான். கண்முன்னால் நடந்தது எப்போதும் பெரிதாகத் தெரியும்.

எங்கள் ஊர் ஆட்டக்காரரை ஒப்பிடும்போது

இதே பிழைகளை எங்கள் பள்ளிக்கூட அணிகளைப் பற்றிக் கதைக்கும்போதும் விடுகிறோம், அதுதான் எனக்குக் கூடச் சுடுகிறது. "இப்போதைய பிள்ளை ஓர் ஆட்டத்தில் 30 போடுகிறான், மாமா காலத்தில் அணியே 40தான்" என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச விதிகளில் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1984இல்தான், அதுவும் 6.25 மீற்றரில். 2010இல் அது 6.75 மீற்றருக்குத் தள்ளிப் போனது. கூடைக்கு முன்னால் சரிவாக இருந்த பகுதி அப்போதுதான் நீள்சதுரமானது. 2000ஆம் ஆண்டு வரை இருபது நிமிடமாக இரண்டு பாதி ஆடினார்கள், எறிய 30 செக்கன் இருந்தது. அதற்குப் பிறகுதான் பத்து நிமிடமாக நாலு பகுதியும் 24 செக்கனும் வந்தன. மாமா 1975இல் தூரத்திலிருந்து போட்டதெல்லாம் இரண்டு இரண்டாகத்தான் ஏறியது. மருமகன் அதே இடத்திலிருந்து மூன்று வாங்குகிறார். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், எங்கள் ஆட்டம் 40 நிமிடம் என்பதையும் மறந்துவிட்டு, பள்ளிக்கூட ஸ்கோரை அமெரிக்க ஸ்கோரோடு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிவேடு என்று பார்த்தால் எங்கள் நிலை ரசலின் புளொக் கணக்கை விட மோசம். 1981இல் பொது நூலகத்தை எரித்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். அதற்கு முந்திய பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றின் ஸ்கோரைத் தேடி அலைந்தவருக்கு அந்த நெருப்பு எவ்வளவு தூரம் எரித்தது என்று தெரியும். மிச்சம் இருப்பவை கல்லூரிகளின் ஆண்டு மலர்களும், வெளிநாடு போன பழைய மாணவரின் பெட்டிக்குள் கிடக்கிற படங்களும், ஆடியவர்களின் நினைவும்தான். மூத்தவர் ஒருவர் "எங்கட காலத்தில்" என்று தொடங்கினால், இடைமறித்து லெப்ரோனின் எண்ணைக் காட்டாமல் இவற்றைக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த அணிக்கு எதிராக, சீமெந்துத் தரையா மண் தரையா, வெறுங்காலா சப்பாத்தா, எதிரணியில் உங்களை மறித்தவர் யார், அவரைத் தாண்டிப் போக என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் எழும்பி நின்று கையால் காட்டித்தான் விடை சொல்வார். கைபேசியை அந்த நேரம் எடுத்து அதைப் பதிவு செய்து, ஆண்டையும் பெயர்களையும் கீழே எழுதி வையுங்கள்.